இரவு பதினொன்றுக்கு மேல்

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 நிரப்பியவர்கள் முகவரிச் சான்றுக்காக எதையாவது நகல் எடுத்து இணைத்திருப்பீர்கள். வீடே இல்லாதவர் எதை இணைப்பார்? தேர்தல் ஆணையம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தான் படுத்துறங்கும் இடத்தை அவர் படிவத்தில் எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அந்த இடத்துக்குப் போய், அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஓர் இரவு பார்த்தால் போதாது, மறுபடியும் போக வேண்டும். பார்த்து உறுதிசெய்துவிட்டால் இருப்பிடத்துக்கு வேறு சான்று கேட்கக் கூடாது.

அரசுக் காகிதங்களில் நான் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த விதி இது. எத்தனை அலுவலர்கள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு நடுநிசியில் கிளம்புகிறார்கள் என்பது வேறு கதை. ஆனால் இதை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பகலில் பார்த்தால் அவர் சுமைதூக்குபவர், பூக்காரர், மீன்பாடி வண்டி மிதிப்பவர். கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் அவருக்கு வீடில்லை என்பது கண்ணுக்குத் தெரியும்.

வீடு ஒதுக்கும் வேலையிலும் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், ஒரு குடும்பத்துக்கு நான் செய்த தவறு நேர்ந்திருக்காது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முன்கதை கொஞ்சம் இருக்கிறது.

சென்னை மாநகராட்சியின் ஐந்தாவது மண்டலமான ராயபுரத்தில், வீடற்றோர் காப்பகம் ஒன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். முதலில் பராமரிப்பாளர், பிறகு மேலாளர். நடத்துவது தொண்டு நிறுவனம், பணம் அரசாங்கத்துடையது. உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் தொடங்கியபோது அது திட்டமானது. ஆளுக்கு 50 சதுர அடி, காப்பகத்துக்கு ஒரு மேலாளர், மூன்று பராமரிப்பாளர்கள், ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்த கதவு. செலவில் நூற்றுக்கு முதலில் மத்திய அரசு 75, மாநில அரசு 25, பிறகு 60, 40. 2011-இல் விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அந்தக் கணக்கில் 67 காப்பகங்கள் வேண்டும்.

காப்பகம் நடத்துவது என்றால் சேவை என்று நினைத்துக்கொண்டு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் மாதமே தெரிந்துவிட்டது, அது பதிவேடு. வருகைப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, மருத்துவ முகாம் பதிவேடு, புகார்ப் பதிவேடு, பார்வையாளர் பதிவேடு. பயன்பாட்டுச் சான்றிதழ் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த தவணை வரும். தவணை வருவதற்குள் மளிகைக் கடை அண்ணாச்சி தன் நோட்டில் எங்கள் பக்கத்தை மடித்து வைத்திருப்பார். ஒருமுறை ஐந்து மாதம் மடித்தே இருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அரிசி எடுத்துக் கொடுக்கும்போது முன்பு ‘என்னம்மா’ என்று கூப்பிட்டவர், ‘மேடம்’ என்று கூப்பிடத் தொடங்கினார். அது போதாதா?

சேர்க்கைப் படிவத்தில் ‘வீடற்ற நிலைக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. வறுமை, குடும்பத் தகராறு, உடல்நலக் குறைவு, மனநலப் பாதிப்பு, மற்றவை. ஒரு நவம்பர் இரவு, தலையில் பாலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து நின்றார். ஐம்பது படுக்கையும் நிரம்பியிருந்தன. பாயாவது போடலாம் என்று படிவத்தை எடுத்தேன்.

“என்ன காரணத்தால் வந்தீர்கள், ஐயா?”

“மழைம்மா.”

நான் ‘மற்றவை’யில் டிக் அடித்தேன். அடுத்த தணிக்கையில் அந்த இரவைக் காட்டி, ஐம்பது பேருக்கான இடத்தில் எப்படி ஐம்பத்தெட்டு பேர் தூங்கினார்கள் என்று கேட்டார்கள். நானும் அதே பதிலைச் சொன்னேன்.

வந்தவர்களில் பலருக்குப் பாயைவிட அதிகமாக உதவியது ஒரு கடிதம். அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர், இன்னார் இங்கே தங்கியிருக்கிறார் என்று உரிய படிவத்தில் கையெழுத்திட்டால் ஆதார் மையம் ஏற்றுக்கொள்ளும். ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு. கணக்கு வந்தால் முதியோர் ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். 2023-இல் அது 1,200 ரூபாயானது. ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் விற்கும் அம்மா உணவகம் பக்கத்திலேயே இருக்கும் ஊரில் 1,200 ரூபாயை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் எப்படி மாதத்தைக் கடத்துகிறார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொல்லை கைரேகையில்தான். நாற்பது வருடம் மூட்டை தூக்கிய விரலில் ரேகை ஏது? இயந்திரம் சிவப்பு விளக்கு காட்டும். துடைத்து வைப்போம், மறுபடியும் சிவப்பு. கடைசியில் கண்ணைக் காட்டச் சொல்வார்கள். அங்கே புரை.

சரி, குடும்பங்களுக்கு வருகிறேன்.

எட்டு ஆண்டுகளில் எங்கள் காப்பகத்துக்கு ஒரு முழுக் குடும்பம்கூட வந்து தங்கியதில்லை. ஆண்கள் காப்பகம் என்று ஒன்று, பெண்கள் காப்பகம் என்று ஒன்று. கணவன் இங்கே, மனைவி அங்கே. மீசை அரும்பிய பையனைத் தாயோடு பெண்கள் கூடத்தில் படுக்கவைக்க முடியாது. வழிகாட்டு நெறிமுறையில் குடும்பக் காப்பகத்துக்கும் இடம் இருக்கிறது. ஆனால் காப்பகத்துக்கென்று கைக்குக் கிடைக்கும் கட்டடம் பெரும்பாலும் ஒரே கூடம், ஒரு பக்கம் கழிப்பறை. அதில் எந்தக் குடும்பத்தைக் குடியேற்றுவது? திட்டத்தை எழுதியவரின் மனக்கண்ணில் வீடற்றவர் என்றால் ஊரைவிட்டு ஓடிவந்த தனி ஆள். வட சென்னையில் அப்படிப்பட்டவர்கள் உண்டு. சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறதே. ஆனால் யானைகவுனி, வால்டாக்ஸ் சாலை, என்.எஸ்.சி. போஸ் சாலை, மூலக்கொத்தளம், பேசின் பாலம் என்று இரவில் ஒரு சுற்று நடந்தால் நீங்கள் பார்ப்பது குடும்பங்களை. பாட்டி, மகள், மருமகன், பள்ளிச் சீருடையைத் தலைமாட்டில் மடித்து வைத்துக்கொண்டு தூங்கும் பேத்தி. மூன்று தலைமுறை, ஒரே கடை வாசல்.

வால்டாக்ஸ் சாலையின் பெயரைப் பற்றி ஒரு சிறு விலகல். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பியது. அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள், மக்கள் கட்ட மறுத்தார்கள், வரி போயிற்று, சுவரும் பெரும்பாலும் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது என்று சென்னை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். சுவர் வரிச் சாலை! அங்கே நான்கு பக்கமும் சுவரில்லாமல் படுத்திருப்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது ஒருவர் சிரித்துவிட்டு, “இப்போது போடச் சொல்லுங்கள், நாங்கள் கட்டுகிறோம்” என்றார்.

இவர்கள் இடம் மாறாதவர்கள். நகரத்திலேயே நிலையாக ஓரிடத்தில் வசிப்பவர்களைப் பட்டியலிட்டால் வாடகை வீட்டுக்காரர்களைவிட இவர்கள்தான் முன்னால் வருவார்கள். கொத்தவால் சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. சந்தையை நம்பி வந்து தங்கியவர்களில் பலர் போகவில்லை. சௌகார்பேட்டையில் வேறு வேலை இருந்தது, பிள்ளைகளின் பள்ளி இருந்தது, ஸ்டான்லி ஆஸ்பத்திரி நடக்கும் தூரத்தில் இருந்தது. சேட்டு கடையை மூடுவதற்காகக் காத்திருந்து, ஒன்பதரைக்கு ஷட்டர் இறங்கியதும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துப் பாயை விரிப்பார்கள். காலை ஏழு மணிக்குள் எல்லாம் சுருட்டி, நீலத் தார்ப்பாயில் கட்டிக் கடையின் சன்ஷேடுக்கு மேலே ஏற்றியாக வேண்டும். சேட்டுக்குச் சம்பளமில்லாத காவல், இவர்களுக்கு வாடகையில்லாத வாசல். பேசி எழுதிய ஒப்பந்தம் ஏதும் கிடையாது.

வீடு கொடுக்கும் கதை தனி. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. 2021-இல் அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் ‘குடிசைப் பகுதி’யை அறிவிக்கச் சொன்னது. சென்னையில் அந்த ஆண்டு 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985-இல் இன்னும் 17. அதற்குப் பிறகு நெடுங்காலம் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும். குடிசைப் பகுதி என்று அறிவிக்கக் குடிசை வேண்டுமே! பகலில் பார்த்தால் செல்போன் உறை விற்கும் கடையின் வாசல் அது. எதை அறிவிப்பது? 2015-இல் வந்த பிரதமர் வீட்டு வசதித் திட்டம், இந்தியாவில் எங்கும் கல்வீடு இல்லாத குடும்பம்தான் பயனாளி என்கிறது. அந்த நிபந்தனையில் இவர்களை வெல்ல ஆளில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் ‘தற்போதைய முகவரி’ என்று இருக்கும்.

ஆக, காப்பகத்துக்குப் போனால் குடும்பம் என்று திருப்பி அனுப்புவார்கள், குடியிருப்புக்குப் போனால் குடிசை எங்கே என்று கேட்பார்கள். இரண்டு திட்டத்துக்கும் நடுவில் இவர்கள் படுத்திருக்கிறார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப அவ்வப்போது நடைபாதைக் குடும்பங்களுக்கென்று தனிக் கணக்கெடுப்பு நடக்கும். அப்படி ஒன்றில், தெருக்களை நன்றாகத் தெரிந்தவள் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை. மாலை ஏழரைக்குப் போனோம். அதிகாரிகள் வீட்டுக்குப் போக வேண்டும், கைரேகை எடுக்கும் பையன் அம்பத்தூரிலிருந்து வருகிறான், அவனுக்குக் கடைசி ரயில் இருக்கிறது. நேரத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசியிருக்க வேண்டும். தெரியாதவர்கள் பேசாமல் இருப்பது வேறு, எனக்குத் தெரியும்.

கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அங்கே பூக்கட்டும் ஆயா ஒருவரின் குடும்பம். எனக்கு ஆறு வருடப் பழக்கம். போகும்போதெல்லாம் மீந்த சரத்தில் ஒரு முழம் என் தலையில் வைக்காமல் விடமாட்டார். அன்று முகூர்த்த நாள். ஆயா, மகள், மருமகன் மூவரும் புரசைவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருந்தார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். சாப்பாடு கிடைக்குமே. நாங்கள் போனபோது கடை வாசலில் ஒரு சாமான் இல்லை. ஷட்டர்கூட இன்னும் இறங்கவில்லை.

“இங்கே யாரும் இல்லையா?” என்று கேட்டார் உடன் வந்தவர்.

“இருக்கிறார்கள் சார், வெளியே போயிருக்கிறார்கள்.”

“ஆள் இல்லாமல் எப்படி எழுதுவது? நாளைக்கு வந்து பார்க்கலாம்.”

பக்கத்துக் குடும்பத்தைப் புகைப்படம் எடுத்தோம், ரேகை எடுத்தோம், எண் கொடுத்தோம். நாளை என்றால் வேறு வார்டு. அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல். பட்டியல் முடிந்தது, கையெழுத்தானது, மேலே போனது. ஆயா குடும்பம் இரவு ஒரு மணிக்குத் திரும்பி வந்து, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவளின் கையில் எண் எழுதிய அட்டையைப் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் ஆயா காப்பகத்துக்கே வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என்னிடம் கொடுத்தார். ரேஷன் அட்டை. அதில் முகவரி: கடையின் கதவு எண், அதற்குப் பக்கத்தில் ‘எதிர் பிளாட்பாரம்’. என்றோ ஓர் எழுத்தர், மனசாட்சியுள்ள மனிதராக இருந்திருக்க வேண்டும், அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“இதைக் காட்டினால் எழுதிக்கொள்வார்களா, ஏம்மா?”

அன்று தொடங்கிய அலைச்சல் முடிய மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. எல்லாவற்றையும் சொன்னால் உங்களுக்கும் அலுத்துவிடும். ஓர் அலுவலகத்தில் ‘எதிர் பிளாட்பாரம்’ என்பது முகவரியாகாது என்று மனுவைத் திருப்பினார்கள். அதே அலுவலகத்தில் இன்னொரு மேசையில், ரேஷன் அட்டையில் முகவரி இருப்பதால் இவர்கள் வீடற்றவர்கள் ஆகமாட்டார்கள் என்றார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் பத்தடி இருக்கும். சேட்டிடம் கடிதம் கேட்டோம். எழுதிக் கொடுத்தால் கடை வாசலில் உரிமை கொண்டாடுவார்களோ என்று அவருக்குப் பயம். பேத்தியின் பள்ளித் தலைமையாசிரியை கொடுத்த கடிதம்தான் கடைசியில் கைகொடுத்தது. ‘இந்த மாணவி முதல் வகுப்பிலிருந்து இதே இடத்திலிருந்து நடந்து வருகிறாள்’ என்று இரண்டு வரி. வாக்காளர் அட்டையையும் இணைத்தோம். அதற்காக ஓர் அலுவலர் உண்மையிலேயே இரவில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு முறை. அவரை நான் சந்தித்ததில்லை, சந்தித்தால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

துணைப் பட்டியலில் பெயர் வந்தது. ஒதுக்கீடு வந்தது, ஆயாவின் மகள் பெயரில். பயனாளி பங்களிப்பு என்று ஒரு தொகை கட்ட வேண்டும், அவர்களுக்கு வந்தது லட்சத்தைத் தாண்டியது. வங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள், வங்கி சம்பளச் சான்று கேட்டது. பூக்கட்டுபவருக்கு யார் சம்பளச் சான்று கொடுப்பார்கள், முருகனா? பாதியை மகளின் சுயஉதவிக் குழுவிலும் மீதியைத் தண்டல்காரரிடமும் வாங்கிக் கட்டினார்கள். தண்டல் என்றால் நூறு நாள், தினமும் மாலையில் வந்து வசூலிப்பார். அரசு வீட்டுக்கான காசை நடைபாதையில் நின்றபடி நாள்தோறும் அடைத்தார்கள்.

வீடு பெரும்பாக்கத்தில். பூக்கடை போலீஸ் நிலையத்திலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல். பால் காய்ச்சும் நாளில் நானும் போயிருந்தேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருந்தது. பேத்தி உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். ஆயா அதட்டவில்லை. கழிப்பறைக்கு ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துவிட்டு வரிசையில் நின்றவர் அவர், இருட்டில் போகப் பயந்து மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவர். அன்று சொம்பு சொம்பாகக் குடித்ததாக மகள் சொல்லிச் சிரித்தாள். தூரத்தில் கொடுத்தார்கள் என்று இங்கிருந்து எழுதுபவர்கள் (நானும் எழுதியிருக்கிறேன்) அந்தத் தாழ்ப்பாளையும் ஒருமுறை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு எழுதலாம்.

ஆனால் தூரம் தூரம்தான். 2021-லிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது பெரிய உதவி. மகள் காலையில் ஏறி வருகிறாள், ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு. மருமகன் வாரத்தில் நான்கு நாள் வண்டியிலேயே தூங்குகிறான். பேத்திக்குப் பள்ளி மாறியது. கிருத்திகை, செவ்வாய்க்கிழமை என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்தால்தான் வியாபாரம். அந்த நேரத்துக்கு வந்து சேரப் பஸ் கிடையாது. ஆட்டோவுக்குக் கொடுத்தால் கூடைப் பூ முழுவதும் விற்றாலும் ஈடாகாது.

சென்ற ஆண்டு இன்னொரு கணக்கெடுப்பு. இப்போது நான் காப்பகத்தில் இல்லை, பயிற்சி கொடுப்பவளாகக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: இரவு பதினொன்றுக்கு மேல்தான் கிளம்புவோம். முணுமுணுத்தார்கள், ஒத்துக்கொண்டார்கள். கைரேகைக் கருவியோடு வந்த பையனுக்குக் காப்பகத்திலேயே படுக்கை ஏற்பாடு செய்தோம். அவன் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது காரணக் கட்டத்தில் ‘மற்றவை’.

கந்தகோட்டத் தெருவுக்குள் நுழைந்தபோது பன்னிரண்டேகால். அதே ஷட்டர், அதே வாசல். எழுப்பி, மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொருவராக எழுதிக்கொண்டே வந்தோம். கடைசிப் பாயில் போர்வையை முகம் வரை இழுத்து மூடிக்கொண்டு ஓர் உருவம். தலைமாட்டில் ஈரத்துணி போட்டு மூடிய கூடை. மறுநாள் கிருத்திகை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“ஆயா.”

போர்வை கொஞ்சம் விலகியது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, பின்னால் வந்தவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னை எழுதிவிடாதே, கண்ணு. வீட்டில் இல்லை என்று தெரிந்தால் ஒதுக்கீட்டை ரத்துசெய்துவிடுவார்களாம். பக்கத்து பிளாக்கில் ஒரு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.”

எழுதிக்கொள் என்று மூன்று வருடம் என் பின்னால் அலைந்தவர். கருவியை ஏந்திக்கொண்டு அந்தப் பையன் பக்கத்தில் வந்து நின்றான். இவங்க யார் மேடம் என்று கேட்டான். காலையில் பூ விற்க வந்தவர், படுக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றேன். அவன் கூடையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடைக்கு நகர்ந்தான்.

ஆயா ஈரத்துணியை விலக்கி, ஒரு முழம் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். அந்தத் தெருவில் அன்று படுத்திருந்தவர்கள் 11 பேர். படிவத்தில் 10.